ஆறடி நிலமும் அயலாரும்

தமிழில் 'அயல்' என்றொரு சொல் உண்டு. அதன் பொருளை ஆராயப் புகுவோர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. அயல்வீடு என்றால் நம் வீட்டுச் சுவரை ஒட்டிய வீடு. அயல்நாடு என்றால் நமக்குத் தொடர்பில்லாத வேற்று நாடு. உப்புக் குறைந்தால் கிண்ணத்தோடு ஓடுகின்ற இடமும் அயலே. உறவில்லாதாரை ஒதுக்கிச் சொல்லும் சொல்லும் அயலே. அண்மையும் அந்நியமும் ஒரே சொல்லில் எங்ஙனம் குடியிருக்கின்றன? நெடுநாள் எண்ணிப் பார்த்த பின் எனக்குத் தோன்றுவது இதுதான்: அடுத்த வீட்டார் நமக்கு அண்மையரா அந்நியரா என்பதை வீட்டின் இருப்பிடம் முடிவு செய்வதில்லை. இடர் வரும் நாளில் நாம் செய்யும் செயலே முடிவு செய்கின்றது. அதுவரையில் அச்சொல் இருபொருளையும் சுமந்துகொண்டு காத்து நிற்கின்றது.

சமய நல்லிணக்கம் என்று மேடைகளில் பேசும்போது நாம் பெரும்பாலும் விருந்துகளையே எடுத்துக்காட்டுகின்றோம். நோன்பு மாதத்தில் அண்டை வீட்டிலிருந்து வரும் கஞ்சியையும், பெருநாளில் வரும் பிரியாணியையும், நாம் தைத் திங்களில் கொடுத்தனுப்பும் பொங்கலையும் பெருமையோடு குறிப்பிடுகின்றோம். அவை இனியவை, அவற்றை யான் குறைத்துப் பேசவில்லை. ஆயினும் இனிப்பைப் பகிர்வதற்கு எவர்க்கும் துணிவு வேண்டுவதில்லை. அயலார் அஞ்சி நிற்கும்போது, அவர்க்கு ஓர் அநீதி நேரும்போது, அவர் வீட்டில் ஒரு சாவு விழும்போது நாம் எங்கே நின்றோம் என்பதன்றோ வினா? மனிதன் இறுதியாக வேண்டுவது ஆறடி நிலம். அந்த ஆறடியை அயலார்க்கு உரியதாகக் காத்துக் கொடுக்கின்ற ஊரே ஊர். இக்கருத்தை, யான் வாழும் சிப்பிகாட்டிலிருந்து தொடங்கி, வங்கக் கடலின் மற்றைக் கரைகளுக்கும் சென்று, இயன்ற அளவு விளக்க முயல்கின்றேன்.

தென் அந்தமானில், இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பெற்றுள்ள போர்ட் பிளேர் நகரிலிருந்து சிறிது தொலைவில் அமைந்தது சிப்பிகாட். வேளாண் பண்ணையும், தென்னையும், கிராம்பும், சாதிக்காயும் இவ்வூர்க்குப் பெயர் தந்தவை. இத்தீவுகளில் பழங்குடி மக்கள் நீங்கலாக எஞ்சிய அனைவரும் எங்கிருந்தோ வந்தவர்களே. 1858 முதல் இங்கே கைதிகள் கொண்டுவரப்பட்டனர். 1921-இல் மலபாரில் எழுந்த மாப்பிளைக் கிளர்ச்சி அடக்கப்பட்ட பின்னர், அதில் தண்டனை பெற்றோர் பலர் கப்பலேற்றி இங்கு அனுப்பப்பட்டனர். பின்னர்க் குடும்பத்தாரும் வந்து சேர, அவர்கள் தாம் பிரிந்து வந்த ஊர்களின் பெயர்களையே புதிய குடியிருப்புகளுக்கு இட்டுக்கொண்டனர். காலிகட், மஞ்சேரி, மலப்புரம், திரூர் என்னும் பெயர்களை இன்றும் தென் அந்தமான் நிலப்படத்தில் காணலாம். பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தோர், இராஞ்சிப் பகுதியிலிருந்து வந்த காட்டுத் தொழிலாளர், பர்மாவிலிருந்து வந்த கரேனியர், தமிழகத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம்மவர், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்ந்த தமிழர் என எல்லாரும் சேர்ந்ததே தீவின் சமுதாயம். தனி ஒருவர்க்குரிய பூர்வீகப் பெருமை இங்கு எடுபடுவதில்லை. வந்தவர் யார், இருந்தவர் யார் என்று கேட்கத் தொடங்கினால் கேட்பவரும் அகப்பட்டுக்கொள்வார்.

இத்தீவு தன் அயலார்க்குப் பட்ட கடன் ஒன்று உண்டு. 1942 மார்ச்சு 23-ஆம் நாள் சப்பானியப் படை போர்ட் பிளேரைக் கைப்பற்றியது. படைவீரர்கள் வீடுகளுக்குள் புகுந்து அத்துமீறிய அந்நாளில், உள்ளூர் இசுலாமிய இளைஞரான சுல்பிகர் அலி தம்மிடமிருந்த காற்றுத் துப்பாக்கியால் சுட்டார். அச்சுடுதலால் எவரும் மாண்டாரல்லர். ஆயினும் அவர் பிடிபடாவிடில் வீடுகள் தீக்கிரையாகும் என்ற அச்சம் ஊரைச் சூழ்ந்தது. முடிவில் அவர் சப்பானியர் கையிற் சிக்கினார். மக்கள் கண்முன்னே கொடிய வதைக்குப்பின் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊர் பிழைத்தது. அன்று அச்சத்தால் உறைந்து நின்ற கூட்டத்தில் எல்லாச் சமயத்தாரும் இருந்தனர். அக்கூட்டத்தைப் பழிக்க நமக்கு உரிமை இல்லை. துப்பாக்கி முனையில் நின்றவரே அதன் கொடுமையை அறிவர். ஆனால், ஓர் அயலாரின் உயிரை விலையாகத் தந்து பிழைத்த ஊர் தன் கணக்கில் அதனை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் அன்றோ? அபர்தீன் பகுதியில் அவ்விளைஞர்க்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டிருப்பது அக்கணக்கின் ஒரு வரி.

இனி, யான் கண்ணாற் கண்டதற்கு வருகின்றேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலையில் நிலம் நடுங்கிற்று. பின்னர்க் கடல் வந்தது. மற்றை ஊர்களில் கடல் வந்து திரும்பிப் போயிற்று. சிப்பிகாட்டில் வந்த கடல் முழுவதும் திரும்பவில்லை. காரணம், அந்நிலநடுக்கத்தால் தென் அந்தமானின் நிலமே ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவு தாழ்ந்துபோயிற்று. தாழ்ந்த நிலத்தினுள் ஒவ்வோர் ஓதத்திற்கும் கடல்நீர் புகுந்து வந்தது. நெல் விளைந்த வயல்கள் உப்பங்கழியாயின. சாலை, ஓதம் ஏறும் வேளைகளில் நீருக்கடியில் மறைந்தது. நின்றபடியே பட்டுப்போன தென்னைகளும் பாக்கு மரங்களும் ஆண்டுக்கணக்கில் நீரின் நடுவே கறுத்து நின்றன. இன்று அந்நீர்ப்பரப்பில் பறவைகளைக் காண வெளியூரார் வருகின்றனர். அவர்கள் கண்ணுக்கு அது அழகிய ஏரி. எங்கள் கண்ணுக்கோ அதனடியில் வரப்புகள் தெரிகின்றன.

வரப்புகள் என்றேனே, அவை மறைந்தபோதுதான் ஓர் உண்மை புலனாயிற்று. தமிழர் வயல் எது, வங்காளியர் வயல் எது, மாப்பிளையார் வயல் எது என்று காட்டிய கோடுகள் யாவும் ஒரே நாளில் அழிந்தன. அன்றிரவு மேட்டுப் பகுதியில் இருந்த ஒரு மாப்பிளைக் குடும்பத்தின் முற்றத்தில் பல வீட்டாரும் ஒதுங்கினோம். நிலம் மீண்டும் மீண்டும் நடுங்கிக்கொண்டிருந்தமையால் எவரும் கூரையின் கீழ் உறங்கத் துணியவில்லை. நன்னீர்க் கிணறு அவ்வீட்டில்தான் இருந்தது. ஒரே அடுப்பில் கஞ்சி காய்ந்தது. எவர் வீட்டு அரிசி, எவர் வீட்டுப் பானை என்று கேட்பாரில்லை. வழிபாட்டு வேளையில் அவர்கள் ஒருபுறம் தொழுதனர். நாங்கள் எங்களுக்குத் தெரிந்த தெய்வங்களை அழைத்தோம். இருசாராரும் வேண்டியது ஒன்றே: நிலம் நிலையாக நிற்க வேண்டும்.

அவ்வீட்டின் மூதாட்டி சில ஆண்டுகளுக்குப் பின் காலமானார். மையவாடிக்குச் செல்லும் வழியில் ஒரு பள்ளம். அஃது ஓதம் ஏறும்போது இடுப்பளவு நீரில் மூழ்கும். இசுலாமிய முறைப்படி உடலை நெடுநேரம் வைத்திருத்தல் ஆகாது. ஓதமோ எவர் பொருட்டும் காலம் தாழ்த்தாது, விரைந்தும் வடியாது. ஜனாஸா புறப்பட்டபோது கரையில் எல்லா வீட்டாரும் வந்து நின்றனர். எவரும் அழைத்து வரவில்லை. ஓதம் அறிந்த மீனவர் ஒருவர் நீரின் அளவு பார்த்து, இன்னும் அரைநாழிகை பொறுத்தால் முழங்காலளவு ஆகும் என்றார். காத்திருந்தோம். பின்னர் இரு வரிசையாக நீரில் இறங்கி நின்றோம். சந்தூக்கு ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறி மாறி, தமிழர் தோளிலும் வங்காளியர் தோளிலும் உறவினர் தோளிலுமாக, நீரைத் தொடாமல் அக்கரை சேர்ந்தது. இறந்தவரைச் சுமக்க எல்லாரும் தோள் கொடுப்பது அவர்கள் மரபு. அம்மரபினுள் அன்று எங்களுக்கும் இடம் கிடைத்தது. மண்ணிடும் வேளையில் ஒவ்வொருவரும் மும்முறை கைம்மண் இட்டோம். வயல்களை இழந்த எங்களுக்கு ஒரு கைப்பிடி மண்ணின் எடை நன்றாகவே தெரியும்.

அதே நாளில், அதே அலை, வங்கக் கடலின் மேற்குக் கரையையும் தாக்கியது. தமிழகத்தில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உடல்கள் குவிந்தன, அடக்கம் செய்ய இடமும் ஆளும் போதவில்லை. அந்நிலையில் நாகூர் தர்கா தன் நிலத்தில் இடம் தந்தது. சமயம் கேட்டு உடல்களைப் பிரிக்கவில்லை. தர்காவில் அடைக்கலம் புகுந்தோர்க்கு உணவும் உறையுளும் கிடைத்தன. வடக்கே பரங்கிப்பேட்டையில் இசுலாமியர் ஜமாஅத் திரண்டெழுந்து, கரையோர மீனவச் சிற்றூர்களின் மக்களை ஊருக்குள் அழைத்துவந்து பல நாள் உணவளித்துக் காத்தது. அம்மீனவர்கள் பெரும்பாலும் இந்துக்கள். கடலிலிருந்து மீட்கப்பட்ட உடல்களைத் தூக்கவும் அடக்கவும் இளைஞர்கள் முன்னின்றனர்.

நாகூர் தர்காவின் மினாராக்களுள் மிக உயர்ந்ததைக் கட்டுவித்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஓர் இந்து மன்னர் எழுப்பிய அக்கோபுரம் நிற்கும் ஊரில், இருபத்தோராம் நூற்றாண்டில் இந்து மீனவர்க்கு இசுலாமியர் மண் கொடுத்தனர். கொடுத்தவர் எவரும் பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்துக் கொடுக்கவில்லை. அயலாரிடையே கொடுக்கல் வாங்கல் நீண்ட காலம் நடந்து வந்தால், எது கடன், எது திருப்பம் என்று பிரித்தறிய முடியாமற் போகின்றது. அதுவே நல்லுறவின் இலக்கணம்.

தமிழ் மக்கள் இதனை அறியாதவரல்லர். கீழக்கரை வள்ளல் சீதக்காதியைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லிவந்த கதையை நினைவு கூர்க. வள்ளலை நாடி வந்த படிக்காசுப் புலவர், அவர் மறைந்த செய்தி கேட்டு அடக்கவிடத்திலேயே புலம்ப, மண்ணுக்குள்ளிருந்து மோதிரம் அணிந்த விரல் வெளிப்பட்டதாம். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்னும் பழமொழி அதனால் எழுந்தது. கதையில் வரலாறு எவ்வளவு என்று வழக்காட வேண்டா. ஓர் இசுலாமியரின் கல்லறையில் ஒரு சைவப் புலவர் அழுது நிற்பதும், அக்கல்லறை அவர்க்குக் கொடுப்பதுமாகிய காட்சியைத் தமிழ் மக்கள் தம் பழமொழியிலேயே பொதிந்து வைத்தனர் என்பதே போற்றத்தக்கது. கல்லறை என்பது நமக்குப் பிறர் இடம் அன்று என்று அம்மக்கள் கருதியிருக்கின்றனர்.

இம்மட்டோடு நிறுத்தினால் இக்கட்டுரை இனிதாக முடியும். ஆனால் உண்மையாக இராது. அந்த அலை மோதிய மூன்றாவது கரையையும் காண வேண்டும். அது இலங்கையின் கிழக்குக் கரை. 2004-இல் இலங்கையில் மிகுதியான உயிரிழப்புக்கு ஆளானது அம்பாறை மாவட்டம். அங்கே கல்முனை, மருதமுனை, காரைதீவு எனத் தமிழ் ஊர்களும் இசுலாமிய ஊர்களும் மணிமாலையில் மாறி மாறிக் கோத்த மணிகள்போல் அமைந்துள்ளன. இருசாரார்க்கும் தாய்மொழி தமிழே. இருந்தும் அவர்களிடையே ஆறாத புண் ஒன்று உண்டு.

1990 ஆகஸ்டு 3-ஆம் நாள் மட்டக்களப்பு மாவட்டத்துக் காத்தான்குடியில் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தோர் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் வடமாகாணத்து இசுலாமியர் அனைவரையும் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் இயக்கம் ஆணையிட்டது. யாழ்ப்பாண நகரத்தில் அக்டோபர் 30 அன்று கொடுக்கப்பட்ட கெடு இரண்டு மணி நேரம். பல தலைமுறை வாழ்ந்த மண்ணைவிட்டு, வடமாகாணமெங்கும் ஏறத்தாழ 70,000 பேர்க்கு மேல் கையில் எடுத்ததோடு புறப்பட்டனர். கிழக்கிலோ தமிழ் ஊர்களிலும் குருதி சிந்தியது. ஊர்க்காவற் படையினராலும் பிறராலும் தமிழர் கொல்லப்பட்டனர். யார் முதலில், யார் பின்னர் என்ற கேள்வி அம்மக்களிடையே முப்பதாண்டுகள் நஞ்சாய் இருந்தது. தமிழரின் பெயரால் தமிழ் பேசும் அயலார் வெளியேற்றப்பட்டனர் என்பது, கடல் கடந்து வாழும் நாமும் தலைகுனிந்து எண்ண வேண்டிய செய்தி.

அத்தகைய மண்ணில்தான், யான் சொல்ல வந்த நிகழ்ச்சி நடந்தது. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது, அந்நோயால் இறந்தோர் அனைவரையும் எரித்தே தீர வேண்டும் என்று இலங்கை அரசு ஏப்ரல் 11-ஆம் நாள் அரசிதழில் ஆணை வெளியிட்டது. புதைத்தால் நிலத்தடி நீரில் நோய் பரவும் என்று காரணம் கூறப்பட்டது. உலக நலவாழ்வு நிறுவனமோ, புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்றே வழிகாட்டியிருந்தது. இறந்தாரைக் குளிப்பாட்டி, வெண்துணி போர்த்தி, தொழுது, மண்ணுக்குள் வைப்பது இசுலாமியர்க்கு விலக்கவொண்ணாக் கடமை. அக்கடமை மறுக்கப்பட்டது. வழக்குத் தொடுத்தோர் மனுக்களை உச்சநீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளன்று தள்ளுபடி செய்தது. அதற்குச் சில நாள்களில், பிறந்து இருபதே நாளான ஒரு குழந்தையின் உடல் பெற்றோர் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது.

அப்போது கொழும்பு பொரளையில் அம்மயானத்தின் கம்பி வேலியில் ஒரு சிறு வெண்துணியை யாரோ கட்டினார்கள். அடுத்து மற்றொன்று, பின்னர்ப் பல. இறந்தோர்க்குப் போர்த்தும் கபன் துணியின் அடையாளம் அது. கட்டியோருள் சிங்களவர் இருந்தனர், தமிழர் இருந்தனர், கிறித்தவர் இருந்தனர். இரவில் அகற்றப்பட்டாலும் மீண்டும் கட்டப்பட்டன. நாடாளுமன்றத்தில் மட்டக்களப்பு மாவட்ட உறுப்பினர் இராசமாணிக்கம் சாணக்கியன் போன்ற தமிழ்ப் பிரதிநிதிகள் இவ்வநீதியைக் கண்டித்துப் பேசினர்.

2021 பிப்ரவரி 3-ஆம் நாள், கிழக்குக் கரையின் தென்கோடியில் இசுலாமியர் மிகுதியாக வாழும் பொத்துவிலில் ஓர் ஊர்வலம் தொடங்கிற்று. தமிழ்க் குடிமக்கள் அமைப்புகளும் சமயத் தலைவர்களும் அதனை ஒழுங்கு செய்தனர். வடக்கே பருத்தித்துறைக்கு அணித்தான பொலிகண்டியே அதன் முடிவிடம். காணாமல் ஆக்கப்பட்டோர்க்கு நீதி, பறிக்கப்பட்ட நிலங்கள், சிறையில் வாடும் கைதிகளின் விடுதலை, மலையகத் தோட்டத் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க் கூலி எனத் தமிழர் கோரிக்கைகள் பல அதில் இடம்பெற்றன. அவற்றோடு, இசுலாமியர் உடல்களை வலிந்து எரிப்பதை நிறுத்துக என்னும் கோரிக்கையும் சேர்ந்து நின்றது. காவல்துறையினர் நீதிமன்றத் தடையாணைகளைக் காட்டினர், மழையும் பெய்தது. மக்கள் நடந்தனர். ஊர்தோறும் இசுலாமியர் வெளியே வந்து சேர்ந்துகொண்டனர். ஊர்வலம் சென்ற அந்தப் பெருஞ்சாலையில்தான் காத்தான்குடி உள்ளது. 1990-ஐ மறவாத அவ்வூரின் வழியாகத் தமிழர், இசுலாமியரின் கல்லறை உரிமைக்காக முழக்கமிட்டுச் சென்றனர். பிப்ரவரி 7-ஆம் நாள் ஊர்வலம் பொலிகண்டியை அடைந்தபோது அது பல்லாயிரவர் திரளாகப் பெருகியிருந்தது.

அவ்வூர்வலத்தாலேயே ஆணை மாறிற்று என்று கூறின் மிகையாகும். இசுலாமியர் தாமே ஓராண்டுக் காலம் விடாது போராடினர். ஜெனீவாவில் மனித உரிமை மன்றக் கூட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. பாகிஸ்தான் பிரதமராக இருந்த இம்ரான்கானின் வருகையும் அம்மாதத்தில்தான் நிகழ்ந்தது. இவை அனைத்தும் சேர்ந்து அழுத்த, பிப்ரவரி 25 அன்று புதைப்பதற்கு இசைவு தரும் அரசிதழ் வெளிவந்தது. இடமாக ஒதுக்கப்பட்டது மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடி. பின்வந்த மாதங்களில் நாடு முழுவதிலுமிருந்து 3,000க்கும் மேற்பட்ட உடல்கள் அங்கே அடக்கம் பெற்றன. அவற்றுள் பிற சமயத்தார் உடல்களும் இருந்தன. இசுலாமியர் போராடிப் பெற்ற மண், எரிக்க விரும்பாத இந்துவுக்கும் கிறித்தவர்க்கும் பௌத்தர்க்கும் பயன்பட்டது. ஓர் அயலார்க்கு மறுக்கப்பட்ட உரிமை மீட்கப்படும்போது அஃது அவரோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? 2024 ஜூலையில், வலிந்து எரித்தமைக்காக மன்னிப்புக் கோர இலங்கை அமைச்சரவை முடிவு செய்தது.

இதனைக் கேட்ட நண்பர் ஒருவர் என்னிடம் வினவினார்: "நம்மவர் அல்லற்பட்டபோது அவர்கள் வந்தார்களா? நாம் மட்டும் ஏன் நடக்க வேண்டும்?" அவர் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை, புண்பட்ட மனத்தோடு கேட்டார். ஆதலின் அவ்வினாவை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. எண்ணிப் பார்த்துச் சொன்ன விடை இது: கணக்குத் தீர்ந்த பின்னரே கை கொடுப்பேன் என்று இருசாராரும் காத்திருந்தால், கணக்கு ஒருநாளும் தீராது. பொத்துவிலிலிருந்து நடந்தவர்கள் பழையதை மறந்துவிட்டு நடக்கவில்லை. தம் மைந்தரைத் தேடும் தாய்மார் தம் மைந்தரின் படங்களை ஏந்தியே நடந்தனர். தம் துயரைக் கீழே வைத்துவிட்டு அயலார் துயரைச் சுமக்கவில்லை. இரண்டையும் ஒரே தோளில் சுமந்தனர். உடலே கிடைக்காத மகனுக்கு அழும் தாய்க்கு, கிடைத்த உடலைப் புதைக்க முடியாமல் அழும் தாயின் நெஞ்சம் விளங்காமற் போகுமா?

இது பிற நாட்டார் நோய் என்று நாம் இறுமாந்துவிடவும் இயலாது. 2020 ஏப்ரலில் சென்னையில், நோயுற்றோர்க்கு மருத்துவம் செய்து தாமும் அந்நோய்க்கு இரையான மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் அவர்களின் உடலை அடக்கம் செய்ய விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து துரத்தியது. முடிவில் நள்ளிரவில், காவலர் துணையோடு, உடன் பணியாற்றிய மருத்துவ நண்பரே தம் கையால் மண்ணிட்டு மூட நேர்ந்தது. அச்சம் மனிதனை எவ்வளவு சிறியவன் ஆக்கிவிடுகின்றது! அதே தமிழகத்தில், அதே காலத்தில், உற்றாரும் நெருங்க அஞ்சிய உடல்களைத் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத்தினர் முதலிய இசுலாமியத் தொண்டர்கள் எடுத்துச் சென்று, இந்துவாயின் இந்து முறைப்படியும், கிறித்தவராயின் அவர் முறைப்படியும் இறுதிக்கடன் செய்தனர். தமக்கு நெருப்பு விலக்காயினும், அயலார்க்கு அதுவே உரிய முறை என்று அறிந்து சிதையேற்ற உதவினர். பிறர் முறையைத் தம் முறைபோல் மதிப்பது என்பது இதுவே.

இவையெல்லாம் ஒருங்கு வைத்து எண்ணும்போது ஓர் உண்மை தெளிவாகின்றது. அயலார்க்குத் துணை நிற்றல் என்பது அவரை நம்மைப்போல் ஆக்குவதன்று. அவர் அவராகவே வாழவும், அவராகவே மாளவும், அவர்தம் முறைப்படி மண்ணில் உறங்கவும் வழிவிட்டு, அவ்வழி அடைபட்டால் திறக்க நாமும் கை கொடுப்பது. அதற்கு அவர் நம்மிடம் வந்து கேட்கும்வரை காத்திருத்தலும் தகாது. கேட்ட பின் கொடுப்பது உதவி. கேளாமுன் வந்து நிற்பது உறவு.

நம் தீவில் இன்று இத்தகைய பூசல் இல்லை என்று சொல்லி மகிழலாம். ஆனால் மகிழ்ச்சி காவல் ஆகாது. வெளியூர்ப் பகைகள் இப்போது கைப்பேசி வழியாகவே கப்பலினும் விரைவாகக் கரை சேருகின்றன. எங்கோ மூட்டிய நெருப்பின் புகை இங்குள்ள பிள்ளைகளின் கண்களையும் எரிக்கின்றது. ஆதலின் நம் சங்கம் ஆண்டுதோறும் இலக்கிய விழாவும் பொங்கல் விழாவும் எடுப்பதோடு, இத்தீவில் ஒருவர்க்கொருவர் தோள் கொடுத்த செய்திகளை முதியோர் வாய்மொழியாகக் கேட்டு எழுதி வைக்கும் பணியையும் மேற்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள். 2004-ஐக் கண்ணாற் கண்டோர் நரைத்துவிட்டனர். அதற்கு முந்திய சப்பானியர் காலத்தைக் கண்டோர் மிகச் சிலரே எஞ்சியிருப்பர். அவர்கள் சொல்வதைத் தமிழர், மாப்பிளையார், வங்காளியர், கரேனியர் என்ற வேறுபாடின்றித் தொகுத்து, பள்ளிப் பிள்ளைகள் படிக்குமாறு தமிழிலும் பிற மொழிகளிலும் வெளியிடுதல் நன்று. நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்லும் வயல்கள் குறைந்துவிட்டன, கடல் கொண்டுபோயிற்று. அயலார் முற்றத்தில் ஓரிரவு நமக்கும் இடம் இருந்தது என்ற செய்தியையேனும் குறையாமல் அவர்கள் கையில் கொடுத்துச் செல்வோமாக.